மறுநடவு மானியமும் நிலப்பட்டாவும்: மலாயா இரப்பர் உதவித்தொகை யாரைச் சென்றடைந்தது?

மலேசியத் தமிழரின் தோட்ட வாழ்வைப் பற்றித் தமிழில் எழுதப்பெற்ற நூல்களும் கட்டுரைகளும் பெரும்பாலும் இரண்டு செய்திகளையே மையமாகக் கொண்டுள்ளன. ஒன்று, கங்காணி முறையும் அதன்வழி நிகழ்ந்த குடிபெயர்வும். மற்றொன்று, கூலியும் அதற்கான போராட்டமும். இவ்விரண்டும் தேவையானவையே. ஆயினும் தோட்டத்தொழிலின் வரலாற்றில் மூன்றாவது ஒரு கணக்கும் உண்டு. அரசு வகுத்த சட்டத்தின்வழி திரட்டப்பட்டு, அரசு நியமித்த வாரியத்தின்வழி பகிர்ந்தளிக்கப்பட்ட பொதுப்பணத்தின் கணக்கு அது. அப்பணத்தை யார் செலுத்தினர், யார் பெற்றனர் என்னும் வினா நம்மவர் ஆய்வுகளில் போதிய இடம் பெறவில்லை. தொழிலாளி அப்பணத்தைப் பெறாதவன் என்பதாலேயே அவனுடைய வரலாற்றுக்கு அது புறம்பானது என்று நாம் கருதிவிட்டோம் போலும். பெறாமை எவ்வாறு நேர்ந்தது என்பதும் வரலாறுதான்.

இக்கட்டுரை 1952ஆம் ஆண்டில் தொடங்கிய இரப்பர் மறுநடவு நிதியை முதன்மையாக எடுத்துக்கொள்கிறது. அதற்கு முன்பிருந்த நிலையைச் சுருக்கமாகக் கூறுவது இன்றியமையாதது.

முதல் உலகப் போருக்குப் பின் இரப்பர் விலை வீழ்ந்தபோது, பிரித்தானிய அரசு ஸ்டீவன்சன் திட்டத்தை 1922ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நடைமுறைப்படுத்தியது. ஏற்றுமதியைக் குறைத்து விலையை உயர்த்துவது அதன் நோக்கம். ஒவ்வொரு நிலத்துக்கும் 'தர உற்பத்தி' என ஓர் அளவு குறிக்கப்பட்டது. 1920ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்துடன் முடிந்த பன்னிரண்டு மாத உற்பத்தியே அதற்கு அடிப்படை. இங்கேதான் முதற்சிக்கல் எழுகிறது. பெருந்தோட்டத்தில் கிராணி இருந்தார், பேரேடு இருந்தது. நாள்தோறும் எடுத்த பாலின் அளவு எழுதப்பட்டிருந்தது. கம்பத்தில் மூன்று ஏக்கர் வைத்திருந்த மலாய்க் குடியானவரிடம் அத்தகைய ஏடு ஏதும் இல்லை. எனவே அவருடைய நிலத்துக்கு அதிகாரிகள் தாமாகவே ஓர் அளவைக் குறித்தனர். அது உண்மையான விளைச்சலைவிடக் குறைவாகவே அமைந்தது. ஏடு இல்லாதவருக்கு உரிமை குறைவு என்னும் நெறி அன்றே வேரூன்றிவிட்டது எனலாம். டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் இத்திட்டத்தில் சேராமையால் அது பயன்தரவில்லை, 1928இல் கைவிடப்பட்டது.

1934ஆம் ஆண்டு பன்னாட்டு இரப்பர் கட்டுப்பாட்டு உடன்படிக்கை மேலும் விரிவானது. இம்முறை டச்சு அரசும் கையொப்பமிட்டது. ஏற்றுமதிப் பங்கீட்டுடன், புதிய நிலத்தில் இரப்பர் நடுவதும் தடைசெய்யப்பட்டது. பழைய மரங்களை அழித்து மீண்டும் நடுவதற்கு மட்டும் ஓரளவு இடமிருந்தது. இது பார்வைக்கு நடுநிலையான விதி. ஆனால் மறுநடவு செய்த நிலத்தில் ஆறு அல்லது ஏழு ஆண்டுகள் பால்வெட்ட இயலாது. ஆயிரம் ஏக்கர் உடைய நிறுவனம் நூறு ஏக்கரை அழித்துவிட்டு எஞ்சிய தொள்ளாயிரத்தில் வருவாய் காணும். மூன்று ஏக்கர்க்காரர் எதை அழிப்பார், எதை உண்பார்? பெருந்தோட்டங்கள் உயர்விளைச்சல் ஒட்டுக்கன்றுகளை நட்டுவந்த அதே ஆண்டுகளில் சிறுதோட்டங்களின் மரங்கள் முதுமையடைந்தன.

இக்குறைபாட்டை வெளிப்படையாக எடுத்துக்காட்டியவர் பொருளியலாளர் பி. டி. பவர். 1946ஆம் ஆண்டில் மலாயாவின் சிறுதோட்டங்களை நேரில் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார். 1948இல் இரப்பர் தொழில்பற்றிய அவருடைய பெருநூலும் வெளிவந்தது. பங்கீட்டில் சிறுதோட்டக்காரருக்குரிய பங்கு குறைத்து மதிப்பிடப்பட்டது என்பதும், நெருக்கமாக மரம் நடும் அவர்களது வழக்கம் அறியாமையன்று, தம் நிலைமைக்கேற்ற முறையே என்பதும் அவர் நிறுவ முயன்ற கருத்துகள். பின்னாளில் அரசு உதவித் திட்டங்களுக்கே எதிரானவராக அறியப்பட்ட பவரின் சிந்தனைக்கு மலாயாவில் அவர் கண்டவை வித்திட்டன என்பது சுவையானது. அவருடைய முடிவுகள் அனைத்தையும் ஏற்கவேண்டியதில்லை. ஆயினும் அவர் கண்ட தரவுகளைத் தவிர்க்க இயலாது.

மறுநடவு நிதி

கொரியப் போரால் இரப்பர் விலை 1951ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ராத்தலுக்கு இரண்டு வெள்ளியைத் தாண்டியது. 1953இல் அது 70 காசை ஒட்டி இறங்கிவிட்டது. செயற்கை இரப்பரின் போட்டியும் நாளுக்கு நாள் வளர்ந்தது. நாடு அவசரகாலத்தில் இருந்தது. அரசின் வருவாயும் நாட்டின் வேலைவாய்ப்பும் முதுமரங்களை நம்பியிருக்க இயலாது என்பதை எல்லாத் தரப்பினரும் உணர்ந்திருந்தனர். இச்சூழலில்தான் 1952ஆம் ஆண்டு இரப்பர் தொழில் மறுநடவு நிதிச் சட்டம் பிறந்தது. ஏற்றுமதியாகும் இரப்பர் ஒவ்வொரு ராத்தலுக்கும் நான்கரைக் காசு தனித்தீர்வையாகப் பெறப்பட்டது.

திரண்ட பணம் இரண்டு கணக்குகளாகப் பிரிக்கப்பட்டது. 'ஏ' நிதி பெருந்தோட்டங்களுக்கு உரியது; 'பி' நிதி சிறுதோட்டக்காரருக்கு உரியது. நூறு ஏக்கரும் அதற்கு மேலும் உள்ள நிலம் பெருந்தோட்டம், அதற்குக் குறைந்தது சிறுதோட்டம். இவ்விரு நிதிகளும் வெவ்வேறு விதிகளின்படி இயங்கின. இதுவே நமது கட்டுரையின் மையச் செய்தி.

'ஏ' நிதியில் ஒவ்வொரு தோட்டமும் செலுத்திய தீர்வை அத்தோட்டத்தின் பெயரிலேயே வரவுவைக்கப்பட்டது. மறுநடவுக்குச் செலவிட்டதற்குச் சான்று காட்டினால் அப்பணம் திரும்பக் கிடைத்தது. ஆகவே இது மானியம் என்பதைவிடக் கட்டாயச் சேமிப்பு என்பதே பொருந்தும். 'பி' நிதியோ பொதுக்குளம். எல்லாச் சிறுதோட்டக்காரரின் தீர்வையும் ஒன்றாகச் சேர்ந்தது. அதிலிருந்து, மறுநடவு செய்ய முன்வந்தவருக்கு மட்டும் ஏக்கர் கணக்கில் உதவித்தொகை வழங்கப்பட்டது. தொடக்கத்தில் ஏக்கருக்கு 400 வெள்ளியாக இருந்த தொகை பின்னர் 600 வெள்ளியாகவும், 1960களில் 750 வெள்ளியாகவும் உயர்ந்தது. அது ஒரே தவணையில் தரப்படவில்லை. பழைய மரம் வீழ்த்தல், கன்று நடுதல், பராமரித்தல் எனப் படிப்படியாக அதிகாரிகள் வந்து பார்த்தபின் தவணைகளாக வழங்கப்பட்டது.

தீர்வையை ஏற்றுமதியாளரே செலுத்தினார் என்பது சட்டத்தின் சொல். உலகச் சந்தையின் விலையை மலாயாவின் ஏற்றுமதியாளர் தம் விருப்பப்படி உயர்த்த இயலாது. எனவே அவர் அந்நான்கரைக் காசைக் கொள்முதல் விலையில் கழித்துக்கொண்டார். அவருக்கு விற்ற கடைக்காரர் மேலும் கீழ்நோக்கிக் கழித்தார். முடிவில் கம்பத்துக் கடையில் தகடு விற்ற குடியானவரே அதைச் சுமந்தார்.

ஒரு கணக்கிட்டுப் பார்ப்போம். எண்கள் நாம் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டுகளே. மூன்று ஏக்கர் முதுமரங்கள், ஏக்கருக்கு ஆண்டுக்கு 400 ராத்தல் எனக் கொண்டால், மொத்தம் 1,200 ராத்தல். தீர்வை 54 வெள்ளி. மறுநடவு செய்ய இயலாத அக்குடியானவர் பத்தாண்டுகளில் 540 வெள்ளி செலுத்தியிருப்பார், ஒரு வெள்ளியும் பெறாமல். முப்பது ஏக்கர் உடைய மற்றொருவரை எடுத்துக்கொள்வோம். அவர் ஆண்டுக்கு 540 வெள்ளி செலுத்துவார். ஆனால் பத்து ஏக்கரை மறுநடவு செய்து, ஏக்கருக்கு 600 வெள்ளி வீதம் 6,000 வெள்ளி பெறுவார். எஞ்சிய இருபது ஏக்கரில் அவரது அன்றாட வருவாய் தொடரும். இருவரும் சட்டத்தின் கண்களுக்குச் 'சிறுதோட்டக்காரர்'. முதலாமவரின் பணம் இரண்டாமவரின் கன்றுக்கு உரமாயிற்று. மார்ட்டின் ருட்னர் போன்ற ஆய்வாளர்கள் 1950களின் இரப்பர்க் கொள்கையைக் கடுமையாக மதிப்பிட்டமைக்கு இத்தகைய கணக்கே காரணம்.

மூன்று ஏக்கர்க்காரரும் துணிந்து முழு நிலத்தையும் மறுநடவு செய்திருந்தால் 1,800 வெள்ளி பெற்றிருப்பார் அல்லவா என்று கேட்கலாம். உண்மை. அவர் செலுத்தியதைவிட அது மிகுதி. ஆனால் அத்தொகை நடவுச் செலவை ஈடுசெய்வதற்கே; பால் கிடைக்காத ஆறேழு ஆண்டுகளின் அரிசிக்கும் துணிக்கும் அன்று. மானியத்தைப் பெறுவதற்கே முன்கூட்டிய வசதி வேண்டியிருந்தது. வேளாண் உதவித்தொகைகளின் வரலாற்றில் இது எங்கும் காணப்படும் இயல்பு எனினும், மலாயாவில் அது இவ்வளவு துலக்கமாகத் தெரிவதற்குக் காரணம், பணத்தைச் செலுத்தியவரும் இழந்தவரும் ஒருவரே என்பதுதான்.

திட்டம் தோல்வியுற்றது என்று கூறுவது நம் நோக்கமன்று. வேளாண்மை நோக்கில் அது பெருவெற்றி. இரப்பர் ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய உயர்விளைச்சல் இனங்கள் சிறுதோட்டங்களையும் சென்றடைந்தன. ஏக்கருக்கு ஆயிரம் ராத்தலுக்கு மேற்பட்ட விளைச்சல் இயல்பான செய்தியாயிற்று. இரப்பரை உலகச் சந்தையில் நிலைநிறுத்தியதில் இந்நிதிக்குப் பங்குண்டு.

ஏட்டில் இல்லாதோர்

இனி நம்மவர்பால் வருவோம். தோட்டத்தில் பால்வெட்டிய தமிழ்த் தொழிலாளி 'ஏ' நிதியிலும் இல்லை, 'பி' நிதியிலும் இல்லை. நிலம் அவனுடையதன்று. அவன் குடியிருந்த லயத்து வீடும் அவனுடையதன்று. மறுநடவு அவனுக்கு வேறொரு பொருளைத் தந்தது. முதுமரங்கள் வீழ்ந்தபோது அவற்றின் பால்வெட்டு நிரைகளும் மறைந்தன. காடழித்தல், குழிவெட்டுதல், நடவு ஆகிய வேலைகள் பெரும்பாலும் குத்தகைக்காரரிடம் விடப்பட்டன. புதிய மரங்கள் மிகுதியான பால் தந்தமையால் ஒரே அளவு இரப்பரை எடுக்கக் குறைவான கைகள் போதுமானவையாயின. 1960களில் பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறியபோது இக்குறைவு மேலும் கூடியது.

தோட்டத்துக்கு வெளியே இன்னொரு தொழிலாளி இருந்தான். அவனைப்பற்றி நமது எழுத்தில் மிகக் குறைவாகவே காண்கிறோம். சிறுதோட்டங்களையும் நடுத்தரத் தோட்டங்களையும் 'பகி டுவா' முறையில் வெட்டியவன் அவன். எடுத்த பாலில் பாதி உடைமையாளருக்கு, பாதி அவனுக்கு. மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் இம்முறையில் உழைத்தனர். ஆண்டுக்கு 2,000 ராத்தல் எடுக்கும் ஒருவனின் பங்கு 1,000 ராத்தல் எனில், அவன் பங்கின்மீது விழுந்த தீர்வை 45 வெள்ளி. விலையில் கழிந்துபோனதால் அது தீர்வை என்பதையே அவன் அறிந்திருக்க வாய்ப்பில்லை. உடைமையாளர் மறுநடவு செய்யத் தீர்மானித்த நாளில் மானியம் உடைமையாளருக்குச் சென்றது. வெட்டியவனுக்கு மரமே இல்லாமற் போயிற்று. அவன் செலுத்திய பணம் அவனையே வேலையிலிருந்து நீக்கியது என்று கூறினால் அது மிகைக்கூற்றன்று.

இவ்விடத்தில் ஒன்றைக் குறிப்பிடுதல் தகும். தமிழரின் பெயராலேயே ஒரு நிதி 1907இல் தோன்றியது. தோட்ட முதலாளிகளிடமிருந்து பெற்ற தொகையைக் கொண்டு தென்னிந்தியாவிலிருந்து ஆள்களை வரவழைப்பதற்கான குடியேற்ற நிதி அது. தொழிலாளியை மரத்தடிக்குக் கொண்டுவரச் செலவிட்ட நிதியில் அவன் பெயர் இருந்தது. மரத்தைப் புதுப்பித்த நிதியில் இல்லை. அக்குடியேற்ற நிதி 1958இல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாக மாற்றப்பட்டது. அதன் வரலாறு தனியே எழுதப்படவேண்டியது.

துண்டாடலும் நூறு ஏக்கர் எல்லையும்

1950களில் பிரித்தானிய நிறுவனங்கள் பல தம் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியோர் அவற்றைச் சிறுசிறு துண்டுகளாகப் பிரித்து விற்றனர். 'தோட்டத் துண்டாடல்' என்னும் சொல் அன்றைய தமிழ் நாளிதழ்களை நிறைத்தது. பேராசிரியர் உங்கு அசிஸ் தலைமையில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் துறையினர் 1951 முதல் 1960 வரையிலான துண்டாடலை ஆராய்ந்தனர். வேலையிழப்பு, கூலிக்குறைவு, குடியிருப்பும் குடிநீரும் மருத்துவ வசதியும் அற்றுப்போதல், பள்ளிகளின் எதிர்காலம் முதலியவற்றை அவ்வாய்வு பதிவுசெய்தது. துண்டு நிலங்களை வாங்கியோருள் பலர் அந்நிலத்தில் வாழாதவர்கள் என்பதும் தெரியவந்தது.

நமது பொருளுக்கு வேண்டிய செய்தி இது: ஆயிரம் ஏக்கர் தோட்டம் நூறு ஏக்கருக்குக் குறைந்த துண்டுகளாக மாறியதும், அந்நிலம் சட்டத்தின் நோக்கில் பெருந்தோட்டப் பிரிவிலிருந்து சிறுதோட்டப் பிரிவுக்குப் பெயர்ந்தது. ஏழைக் குடியானவர் என்னும் சொல்லால் நாம் மனக்கண்ணில் காணும் மனிதரும், நகரத்தில் கடை நடத்திக்கொண்டு தொண்ணூறு ஏக்கரைத் துண்டில் வாங்கிய வணிகரும் ஒரே சொல்லால் குறிக்கப்பட்டனர். வகைப்பாட்டுச் சொல்லுக்கு இத்துணை ஆற்றல் உண்டு என்பதை மொழி கற்பிப்போராகிய நாம் நன்கு உணரக்கூடியவர்கள்.

துண்டாடலுக்கு மறுமொழியாகத் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பங்குப்பணம் செலுத்தி, தாம் உழைத்த தோட்டங்களைத் தாமே வாங்குவது அதன் கருத்து. கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கம் வாங்கிய முதல் தோட்டமாகும். இம்முயற்சியை வேலையைக் காக்கும் தற்காப்பாகவே பலரும் எழுதியுள்ளனர். அதற்கு வேறொரு சிறப்பும் உண்டென்பது நம் கருத்து. நில உடைமையாளராயிருந்தால் மட்டுமே நுழையக்கூடிய ஒரு பொதுநிதி அமைப்பினுள் தொழிலாளர் ஒரு கூட்டுப்பெயரோடு நுழைவதற்கான வழியை அது திறந்தது. சங்கத்தின் நிர்வாகம்பற்றிப் பிற்காலத்தில் எழுந்த குறைகூறல்கள் இதனைப் பொய்யாக்கவில்லை.

இனமா, உடைமையா?

தோட்டத் தமிழர் உதவித் திட்டங்களில் விடுபட்டமைக்கு 1971இல் தொடங்கிய புதிய பொருளாதாரக் கொள்கையே காரணம் என்னும் கருத்து நம்மிடையே பரவலாக உண்டு. 1956இல் தோன்றிய பெல்டா குடியேற்றத் திட்டங்களில் இடம்பெற்றோருள் மிகப் பெரும்பான்மையினர் மலாய்க்காரர். 1973இல் மறுநடவு வாரியத்தின் பணிகளை ஏற்ற ரிஸ்டாவும் கம்பத்துச் சிறுதோட்டக்காரரையே முதன்மையாகக் கருதியது. இவற்றை மறுக்கவேண்டியதில்லை. ஆனால் காலவரிசையைக் கவனித்தால், தோட்டத் தொழிலாளி விடுபட்டது 1952ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே என்பது தெரியும். அச்சட்டம் இனத்தைக் கேட்கவில்லை, பட்டாவைக் கேட்டது. பட்டா யாரிடம் இருந்தது என்பதை அதற்கு முந்திய அரை நூற்றாண்டுக் குடியேற்றவியல் ஆட்சி தீர்மானித்திருந்தது. தொழிலாளியைத் தோட்டத்துக்குள் லயத்தில் வைத்துக்கொண்டு, மண்ணில் அவனுக்கு உரிமை ஏதும் தராதது அவ்வாட்சியின் முறை. பின்வந்த கொள்கை அவ்வடித்தளத்தின்மேல் எழுந்தது.

மலாய்க் குடியானவருள்ளும் இதே பிரிவினை நிகழ்ந்தமையே இதற்குத் தக்க சான்று. நெல்லை எடுத்துக்கொள்வோம். 1970இல் நிறைவுற்ற மூடா நீர்ப்பாசனத் திட்டம் கெடா, பெர்லிஸ் வயல்களில் இருபோகச் சாகுபடியைக் கொண்டுவந்தது. 1970களின் இடைப்பகுதியில் அறுவடை இயந்திரங்கள் வந்து, நிலமற்றோரின் அறுவடைக் கூலியைப் பறித்தன. 1980ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அலோர் ஸ்டாரில் திரண்ட உழவர், நெல் மானியத்தைச் சேமிப்புச் சீட்டாக அன்றிப் பணமாகத் தருமாறு முழங்கினர்; அதன்பின் மானியம் உயர்த்தப்பட்டது. அது விற்ற நெல்லின் எடைக்கேற்ப வழங்கப்பட்டதால், மிகுதியாக விற்றவர் மிகுதியாகப் பெற்றார்; நெல்லே விற்காத கூலியாள் எதுவும் பெறவில்லை. அவ்வாண்டுகளில் கெடாவின் சிற்றூர் ஒன்றில் தங்கி ஆய்வுசெய்த ஜேம்ஸ் ஸ்காட், அரசு உதவிகள் ஆளுங்கட்சி சார்ந்த, ஓரளவு வசதியான குடும்பங்களையே நாடிச் சென்றதை விரிவாக எழுதியுள்ளார். அங்கு விடுபட்ட ஏழைகள் மலாய்க்காரர்களே. மூடா வயலின் கூலியாளையும் பேராக் தோட்டத்தின் பால்வெட்டியையும் ஒரே பாடத்தில் வைத்துக் கற்பிக்கும் வாய்ப்பை நமது வரலாற்றுப் பாடங்கள் இதுவரை பயன்படுத்திக்கொள்ளவில்லை.

1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் எச்சங்களை அண்மைக்காலம் வரையிலும் காணலாம். நாடு மெட்ரிக் அளவைக்கு மாறியபோது ராத்தலுக்கு நான்கரைக் காசு என்பது கிலோவுக்கு 9.92 சென் ஆயிற்று. வேறெவ்வகையிலும் விளக்கமுடியாத அந்த எண் நெடுங்காலம் இரப்பர் விற்பனைச் சீட்டுகளின் கழிவுகளுக்குள் வாழ்ந்தது. நூறு ஏக்கர் எல்லை நாற்பது ஹெக்டராயிற்று. ரிஸ்டாவின் சட்டம் அதனையே சிறுதோட்டத்தின் எல்லையாகக் கொண்டது. பங்குக்கு வெட்டுவோனைப் பற்றிய செய்திகளுக்கு வாரியத்தின் மானியப் பதிவேடுகள் பயன்படா. அவை உடைமையாளரின் ஏடுகள். தொழிலாளர் நீதிமன்ற வழக்குகள், தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் முறையீட்டுக் கோப்புகள், துண்டாடல் காலத்துத் தமிழ் நாளிதழ்களின் வாசகர் கடிதங்கள், தமிழ்ப்பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகள் ஆகியவற்றில்தான் அவனைத் தேடவேண்டும். குறிப்பாகப் பள்ளிப் பதிவேடுகள்: ஒரு தோட்டம் துண்டாடப்பட்ட ஆண்டிலும் மறுநடவு நிகழ்ந்த ஆண்டிலும் பள்ளியைவிட்டு விலகிய பிள்ளைகளின் எண்ணிக்கையையும், அவர்கள் சென்ற ஊரின் பெயரையும் தலைமையாசிரியர்கள் பலர் கைப்பட எழுதி வைத்துள்ளனர். அப்பதிவேடுகளுள் பல இன்றும் பள்ளி அலமாரிகளில் உள்ளன.